தெசலோனிக்கி: கல்லைப் பார்த்து நடக்கவும்

கிரீஸுக்குப் போகிறேன் என்று சொல்பவர்கள் அநேகமாக மூன்று பெயர்களைச் சொல்வார்கள்: ஏதென்ஸ், சாந்தோரினி, மிக்கோனோஸ். ஏதென்ஸுக்கு வடக்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி, ஒரு வளைகுடாவின் கரையில் உட்கார்ந்திருக்கும் நாட்டின் இரண்டாவது பெரிய நகரத்தை யாரும் சொல்வதில்லை. நானாகச் சொன்னால், "அங்க என்ன சார் இருக்கு?" என்பார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் பெயர் பழக்கம். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய இரண்டு நிருபங்கள் வேதாகமத்தில் இருக்கின்றன. அவற்றில் முதலாவது கி.பி. 50 வாக்கில் எழுதப்பட்டது. புதிய ஏற்பாட்டின் நூல்களில் காலத்தால் மூத்தது அதுவே என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. கிறிஸ்தவத்தின் மிகப் பழைய எழுத்து, இந்த ஊர்க்காரர்களுக்குப் போட்ட ஒரு கடிதம்தான்.

நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடைமுறைக் குறிப்புகளாகச் சிலவற்றை எழுத உட்கார்ந்தேன். எந்த நாள் கடை மூடும், எங்கே இறங்க வேண்டும், என்ன சாப்பிடலாம் என்ற அளவில்தான். ஆனால் இந்த ஊரில் எந்தக் குறிப்பைத் தொட்டாலும் அது ஒரு நூற்றாண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது. சரி, வருவது வரட்டும்.

நிலத்தடியில் ஒரு தெரு

ஏதென்ஸிலிருந்து ரயிலில் வரலாம், விமானத்திலும் வரலாம். ரயில் பாதையில் தெம்பி என்ற பள்ளத்தாக்கு வரும். 2023 பிப்ரவரி 28 இரவு அங்கே எதிரெதிரே வந்த இரண்டு ரயில்கள் மோதி 57 பேர் இறந்தார்கள். விடுமுறை முடிந்து தெசலோனிக்கிக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள் அவர்களில் பலர். அந்த ஊர்க்காரர்களிடம் ரயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள். அது இன்னும் ஆறாத புண்.

ஊருக்குள் சுற்ற இப்போது மெட்ரோ இருக்கிறது. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ரயில், திறந்தபோது 13 நிலையங்கள். கட்டத் தொடங்கியது 2006இல், திறந்தது 2024 நவம்பர் 30இல். "பதினெட்டு வருஷமா, பத்து கிலோமீட்டர்கூட வராத பாதைக்கு?" என்று நம் ஊர் ஆட்கள் சிரிக்கலாம். பணத் தட்டுப்பாடும் ஒப்பந்தச் சண்டைகளும் ஒரு காரணம். மற்றது, எங்கே தோண்டினாலும் ஒரு நகரம் கிடைத்ததுதான். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் எடுக்கப்பட்டன. வெனிசெலோஸ் நிலையத்துக்காகத் தோண்டியபோது பளிங்கு பாவிய ஒரு பழைய பெருஞ்சாலையே கிடைத்தது. இரு பக்கமும் கடைகள், நடுவில் ஒரு நாற்சந்தி. பைசாந்தியக் காலத்து மக்கள் பேரம் பேசிய இடம்.

இதை என்ன செய்வது என்று பெரிய சண்டை நடந்தது. முதலில், பெயர்த்தெடுத்து ஊருக்கு வெளியே இருந்த பழைய ராணுவ முகாமில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றார்கள். ஊர் எதிர்த்தது. கடைசியில் கல் கல்லாகப் பெயர்த்து, நிலையத்தைக் கட்டி முடித்த பிறகு பழைய இடத்திலேயே திரும்ப அடுக்கினார்கள். தொல்லியலாளர்கள் பலருக்கு அதிலும் திருப்தியில்லை, ஒருமுறை பெயர்த்தது பெயர்த்ததுதான் என்பது அவர்கள் வாதம். அந்தப் பக்கம் வேலை இல்லாவிட்டாலும் அந்த நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். பயணச்சீட்டு விலையில் கிடைக்கும் அருங்காட்சியகம் அது.

ஒரு கட்டடம், மூன்று வழிபாடு

அலெக்சாந்தரின் மாற்றாந்தாய் வழிச் சகோதரி தெசலோனிக்கே. அவளை மணந்த கசாந்தர் கி.மு. 315 வாக்கில் இந்த ஊரை நிறுவி மனைவி பெயரை வைத்தான். பிறகு ரோமானியர்கள் வந்தார்கள். பேரரசன் கலேரியுஸ் பாரசீகர்களை வென்றதைக் கொண்டாட எழுப்பிய வளைவு எக்னாத்தியா சாலையோரம் இன்றும் நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதைக் 'கமாரா' என்கிறார்கள். இங்கே இளைஞர்கள் யாரைச் சந்திப்பதென்றாலும் கமாராவில்தான். நீங்களும் துணைக்கு வந்தவரைத் தவறவிட்டால் அங்கே போய் நில்லுங்கள்.

வளைவிலிருந்து இரண்டு நிமிட நடையில் ரொத்தோந்தா. வட்டமான, தடித்த செங்கல் கட்டடம். சுவரின் கனம் மட்டும் 6 மீட்டருக்கு மேல். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலேரியுஸ் காலத்தில் எழும்பியது. பின்னர் தேவாலயமாகி, உள்ளே தங்கப் பின்னணியில் புனிதர்களின் மொசைக் ஓவியங்கள் பதிக்கப்பட்டன. 1590 வாக்கில் அது பள்ளிவாசலானது. 1912க்குப் பிறகு மீண்டும் கிறிஸ்தவர் கைக்கு வந்தது. இப்போது நினைவுச்சின்னம், விசேஷ நாட்களில் வழிபாடும் உண்டு.

உள்ளே பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அப்படியே போய்விடாதீர்கள். பக்கத்தில் ஒரு பள்ளிவாசல் கோபுரம் தனியாக நிற்கும். ஒரு காலத்தில் கடலிலிருந்து பார்த்தால் இந்த ஊர் முழுக்கக் கோபுரங்களாகத் தெரிந்தது. 1430இல் சுல்தான் இரண்டாம் முராத் பிடித்த நாளிலிருந்து 482 ஆண்டுகள் ஒத்தோமான் நகரம். இன்று முழுசாக மிஞ்சியிருப்பது அந்த ஒற்றைக் கோபுரம்தான். மற்றவை 1920களில் இடிக்கப்பட்டன. ஊர்வழி காட்டிகள் ரொத்தோந்தாவின் மொசைக்கைப் பற்றி இருபது நிமிடம் பேசுவார்கள், கோபுரத்தைப் பற்றி இரண்டு வரி. இந்த விகிதத்தை ஊர் முழுக்கக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

பாரீஸ் மாதிரி இருக்கே

கடற்கரையிலிருந்து மேலே ஏறும் அரிஸ்தோத்தல் சதுக்கத்துக்கு வந்தால், "என்ன இது, பாரீஸ் மாதிரி இருக்கே!" என்று தோன்றும். தோன்றுவதில் தப்பில்லை. வரைந்தது எர்னெஸ்ட் எப்ரார் என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் தலைமையிலான குழு. வரைய இடம் கிடைத்த விதம் வேறு.

1917 ஆகஸ்ட் 18, சனிக்கிழமை மதியம். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. மேல்பகுதியில் அகதிகள் தங்கியிருந்த ஒரு வீட்டின் சமையலறையில் தீப்பொறி பறந்தது. வார்தார் என்ற பலத்த வடகாற்று அடித்துக்கொண்டிருந்தது. முப்பது மணிநேரத்துக்கும் மேல் எரிந்து, 9,500 வீடுகள் போய், எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் தெருவுக்கு வந்தார்கள். ஊரின் காவல் புனிதர் திமித்ரியோஸின் பேராலயமும் எரிந்தது. இன்று நாம் பார்ப்பது பழைய தூண்களையும் மிச்சச் சுவர்களையும் வைத்துத் திரும்பக் கட்டியது.

வீடிழந்தவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். வெனிசெலோஸ் அரசாங்கம், யாரும் பழைய மனையில் திரும்பக் கட்டக்கூடாது என்று தடை போட்டது. எரிந்த நிலம் முழுவதையும் கையகப்படுத்தி, புதிதாகப் பிரித்து ஏலம் விட்டது. பழைய சொந்தக்காரர்களுக்குப் பத்திரம் கொடுத்தார்கள், ஆனால் ஏழைகள் ஏலத்தில் எப்படி நிற்க முடியும்? நடுநகரத்தில் வாழ்ந்தவர்கள் ஊரோரக் குடியிருப்புகளுக்குத் தள்ளப்பட்டார்கள். நேரான சாலை வந்தது, சாக்கடை வந்தது, காற்றோட்டம் வந்தது. எல்லாம் தேவையானவைதான். அழகான சதுக்கத்தில் காப்பி குடிக்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

பழைய சந்துகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் தீ எட்டாத மேல்நகரத்துக்கு, ஆனோ போலிக்கு, போக வேண்டும். என் யோசனை: ஏறும்போது பஸ்ஸோ டாக்சியோ பிடியுங்கள், இறங்கும்போது நடந்து வாருங்கள். ஏற்றம் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். உச்சியில் இருக்கும் ஏழு கோபுரக் கோட்டை 1989 வரை சிறைச்சாலையாக இருந்தது.

இன்னொரு தகவல். அந்தப் போரில் நேச நாட்டுப் படைகள் 1915இல் இங்கே இறங்கி மூன்று ஆண்டுகள் முகாமிட்டிருந்தன. அவர்களோடு வந்த இந்தியர்களுக்கும் இங்கே ஒரு கல்லறை உண்டு, பழைய மொனாஸ்திர் சாலையில். எரியூட்டப்பட்டவர்களுக்கும் அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஒரு மணிநேரம் ஒதுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது

பேச்சுக்குச் சில சொற்கள். 'நே' என்றால் ஆமாம். நம் காதுக்கு அது மறுப்பு மாதிரியே கேட்கும், ஜாக்கிரதை. 'ஓஹி' என்றால் இல்லை. பல நேரம் அதையும் சொல்லமாட்டார்கள். புருவத்தை உயர்த்தித் தலையை மேலே தூக்கி நாக்கால் 'ச்சு' என்பார்கள், அவ்வளவுதான். நம் ஊரிலும் பாட்டிமார்கள் இப்படித்தான் இல்லை என்பார்கள், எனக்கு அங்கே புரிந்த முதல் கிரேக்கச் சொல் அதுதான்.

மதியம் மூன்று மணிக்கு மேல் ஊர் தூங்கும். திங்கள், புதன், சனியில் பல கடைகள் மதியத்தோடு சரி. செவ்வாய், வியாழன், வெள்ளியில் மாலையில் மறுபடி திறப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை உணவகம் தவிரப் பெரும்பாலும் எதுவும் கிடையாது, வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

இங்கேதான் அந்த இழுப்பு வருகிறது. நூறு வருடத்துக்கு முன்னால் இதே குறிப்பை எழுதியிருந்தால் நேர்மாறாக எழுதியிருப்பேன்: சனிக்கிழமை எதுவும் கிடைக்காது, வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஏனென்றால் சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். அன்று கடைகள் மட்டுமல்ல, துறைமுகமே மூடியிருக்கும். மூட்டை தூக்கியவர்கள், படகோட்டிகள், மீனவர்கள், சுங்கத்தில் பேரம் பேசியவர்கள் எல்லாரும் யூதர்கள்.

1492இல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியது. ஒத்தோமான் சுல்தான் அவர்களை ஏற்றுக்கொண்டார். ஆயிரக்கணக்கானோர் இந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள். பெட்டி படுக்கையோடு மொழியையும் கொண்டுவந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு ஸ்பானியம், ஹீப்ரு, துருக்கி, கிரேக்கச் சொற்களைக் கலந்துகொண்டு 'லதீனோ' என்ற பெயரில் நானூறு வருடத்துக்கு மேல் இந்தத் தெருக்களின் பேச்சுமொழியாக இருந்தது. 1912இல் கிரேக்கப் படை ஊரைப் பிடித்தது. 1913இல் கிரேக்க நிர்வாகம் எடுத்த கணக்கின்படி ஊரின் மக்கள்தொகை 1,57,889. அதில் யூதர் 61,439, துருக்கியர் 45,867, கிரேக்கர் 39,956. கிரேக்க நகரத்தில் கிரேக்கர்கள் மூன்றாம் இடம். 1924இல் ஞாயிறு விடுமுறை கட்டாயமாக்கப்பட்டது. மதப்படி சனிக்கிழமையும், சட்டப்படி ஞாயிற்றுக்கிழமையும் மூடி ஏழை வியாபாரி எப்படிப் பிழைப்பான்? பலர் கப்பலேறினார்கள், பிரான்ஸுக்கு, அமெரிக்காவுக்கு, பாலஸ்தீனத்துக்கு.

சாப்பாடு

காலையில் புகாத்சா சாப்பிடாமல் இந்த ஊரைவிட்டுக் கிளம்பக்கூடாது. மெல்லிய மாவு அடுக்குகளுக்குள் ரவைப் பாலேடோ பாலாடைக்கட்டியோ வைத்துச் சுட்டு, சதுரமாக வெட்டி, மேலே சர்க்கரைத் தூளும் பட்டைத் தூளும் தூவித் தருவார்கள். தெருவில் எள் ஒட்டிய வளையரொட்டி, கூலூரி, கிடைக்கும். அதுதான் இந்த ஊரின் அவசரச் சிற்றுண்டி. நுரை தள்ளும் குளிர் காப்பியான ஃபிராப்பேயும் இங்கே பிறந்ததுதான், 1957இல், இந்த ஊர்ச் சர்வதேசப் பொருட்காட்சியில். அந்தப் பொருட்காட்சி செப்டம்பரில் நடக்கும், அப்போது அறை வாடகை ஏறிவிடும், தவிர்த்துவிடுங்கள்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். 'நிஸ்தீசிமோ' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். விரத உணவு என்று அர்த்தம். கிரேக்கத் திருச்சபையில் வருடத்தில் ஏராளமான விரத நாட்கள், அன்று இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது. அதனால் பெரிய மொச்சையைத் தக்காளியில் வேகவைத்தது, பருப்புக் கடைசல் போன்ற ஃபாவா, அவித்த கீரை, அரிசி அடைத்த தக்காளி என்று வகைவகையாக இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும். கணவாய், இறால், ஆக்டோபஸ் எல்லாம் அவர்களுக்கு விரதத்தில் சேர்த்தி. "மீன் வகையும் வேண்டாம்" என்று தனியாகச் சொல்லுங்கள்.

புகாத்சாவை இங்கே பரப்பியவர்கள் அகதிகள். 1923இல் லோசான் நகரில் ஒப்பந்தம் போட்டு, கிரீஸும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டன. ஏறக்குறைய 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் இந்தப் பக்கம், ஏறக்குறைய 4 லட்சம் முஸ்லிம்கள் அந்தப் பக்கம். பிரித்தது மொழியை வைத்தல்ல, மதத்தை வைத்து. துருக்கி மட்டுமே பேசத் தெரிந்த கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு வந்தார்கள், கிரேக்கம் மட்டுமே தெரிந்த கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனார்கள். 1928இல் இந்த ஊரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அகதிகள். "எங்க தாத்தா ஸ்மிர்னாவிலிருந்து வந்தவர்" என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கதை கேட்க வேண்டிய கதை. நேரமிருந்தால் கேளுங்கள்.

தூதரகத்துக்குள் ஒரு வீடு

துருக்கித் துணைத்தூதரக வளாகத்துக்குள் ரோஜா நிறத்தில் மூன்று மாடி வீடு. நவீன துருக்கியின் தந்தை முஸ்தபா கெமால் அத்தாதுர்க் 1881இல் பிறந்த ஊர் இது, அவர் வீடு அது. தெருவின் பெயர் அப்போஸ்தலர் பவுல் தெரு. தூதரகம் என்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

அவர் நாடு உருவானபோது அவர் ஊர் வேறு நாட்டில் இருந்தது. 1924க்குள் ஊரின் முஸ்லிம்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கிழக்குப் பக்கம் 1902இல் கட்டிய யெனி ஜாமி என்ற அழகான பள்ளிவாசல் இருக்கிறது, வரைந்தவர் வித்தாலியானோ போசெல்லி என்ற இத்தாலியர். கட்டியவர்கள் தன்மேக்கள், பதினேழாம் நூற்றாண்டில் இஸ்லாத்துக்கு மாறிய யூதர்களின் வழித்தோன்றல்கள். உற்றுப் பார்த்தால் அலங்காரத்தில் ஆறுமுனை நட்சத்திரம் தெரியும். இருபது ஆண்டுகள்தான் தொழுதார்கள். மதப் பட்டியலில் முஸ்லிம் என்று இருந்ததால் அவர்களும் கப்பலேற்றப்பட்டார்கள். அந்தக் கட்டாயம் இருபது வருடம் கழித்து அவர்கள் உயிரைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும்.

கல்

துறைமுகத்தின் அருகே எலெஃப்தெரியாஸ் சதுக்கம் இருக்கிறது. விடுதலைச் சதுக்கம் என்று பொருள். 1908இல் இளந்துருக்கியர் புரட்சியின்போது எல்லா மதத்தவரும் கட்டித் தழுவிக்கொண்ட இடம், அதனால் வந்த பெயர். 1941 ஏப்ரலில் ஜெர்மானியர் நுழைந்தார்கள். 1942 ஜூலை 11, ஒரு சனிக்கிழமை. 18 முதல் 45 வயது வரையுள்ள யூத ஆண்கள் ஏறக்குறைய 9,000 பேரை இந்தச் சதுக்கத்துக்கு வரச்சொல்லி, கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்காக நிற்கவைத்தார்கள். தலையில் துணி போடக்கூடாது. மயங்கி விழுந்தால் அடி, இல்லாவிட்டால் உடற்பயிற்சி. பிறகு கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள்.

அவர்களை மீட்க யூத சமூகம் பெரும் பிணைத்தொகை கொடுத்தது. அந்தப் பேரத்தில் கல்லறையும் சேர்ந்தது. நகரச் சுவருக்குக் கிழக்கே இருந்த அந்த யூதக் கல்லறை ஐரோப்பாவின் மிகப்பெரிய யூதக் கல்லறைகளில் ஒன்று. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சமாதிகள். நகராட்சிக்கு அந்த நிலத்தின்மேல் போருக்கு முன்பிருந்தே கண். ஜெர்மானிய அதிகாரி அனுமதி தர, 1942 டிசம்பரில் நகராட்சி ஆட்கள் கடப்பாரையோடு இறங்கினார்கள். சில வாரங்களில் கல்லறை கற்குவியலானது. பளிங்குப் பலகைகள் கட்டுமானப் பொருளாக ஊருக்குள் போயின. சுவர், படிக்கட்டு, முற்றத் தளம், தேவாலயப் பழுதுபார்ப்பு என்று எங்கெல்லாமோ.

1943 மார்ச் 15 அன்று முதல் ரயில் அவுஷ்விட்ஸுக்குக் கிளம்பியது. ஆகஸ்டுக்குள் ஏறக்குறைய 46,000 பேர் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்தபோது ஊரில் இருந்த யூதர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. செத்தவர்களுக்குக் கல் இல்லாமல் போனது முதலில், உயிரோடிருந்தவர்கள் போனது பிறகு.

காலியான அந்த நிலத்தில்தான் அரிஸ்தோத்தல் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிரீஸின் மிகப்பெரிய பல்கலைக்கழகம். மர நிழலில் மாணவர்கள் சிகரெட் பிடித்துக்கொண்டு அரசியல் பேசும், மிக உயிரோட்டமான வளாகம். அங்கே ஒரு நினைவுச்சின்னம் வைக்க 2014 நவம்பர் வரை ஆனது. அந்த ஆண்டு மேயர் யியானிஸ் புத்தாரிஸ் இரண்டாம் முறை பதவியேற்றபோது கோட்டில் மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கொண்டு வந்தார். புது மன்றத்தில் நவநாஜிக் கட்சிக்காரர் ஒருவரும் உறுப்பினராகியிருந்தார். மேயரின் பதில் அதுதான். விடுதலைச் சதுக்கமோ பல பத்தாண்டுகள் வாகன நிறுத்துமிடமாகவே இருந்தது. தீநாக்குகளில் மனித உடல்கள் பின்னிய ஏழுகிளை விளக்குச் சிற்பம் அங்கே வந்தது 2006இல்.

இந்த ஊரை நான் குற்றம் சொல்லவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் தாங்களே எல்லாம் இழந்துவிட்டு வந்தவர்கள். வீடு கட்டக் கல் தேவைப்பட்டது, கல் கிடந்தது, எடுத்தார்கள். யார் கல் என்று கேட்க அப்போது யாருமில்லை. ஆனால் நாம் விருந்தாளிகள். பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கலாம்.

ஆகவே கடைசியாகச் சில குறிப்புகள். குறைந்தது மூன்று நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் வளைவு, ரொத்தோந்தா, திமித்ரியோஸ் ஆலயம், அவற்றுக்கு மேலே ஆனோ போலி. தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். இரண்டாம் நாள் கடற்கரை, வெள்ளைக் கோபுரம், சந்தைகள். எலி மொதியானோ என்ற யூதர் கட்டிய கூரைச் சந்தை 2022இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. மூன்றாம் நாளை ஆயியு மினா தெருவிலுள்ள யூத அருங்காட்சியகத்துக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்கும் வையுங்கள். சனிக்கிழமை போகாதீர்கள், அந்த அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஊர் முழுக்கச் சனிக்கிழமை மூடிய காலத்தை இன்னும் நினைவூட்டும் சில கதவுகளில் அது ஒன்று. அதன் தரைத்தளத்தில், அந்தக் கல்லறையிலிருந்து மீட்ட கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

நல்ல பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், மழை பெய்தால் பளிங்குத் தளம் வழுக்கும். தரையைப் பார்த்தே நடங்கள். எங்காவது ஒரு படியிலோ சுவரிலோ ஹீப்ரு எழுத்து தெரிந்தால் அதன்மேல் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள்.